மண்ணீரல் இல்லாத என் மகளுக்கு

பாப்பா,

இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் பிரித்திருந்தால் இப்போதே மடித்து வைத்துவிடு. மன்னிப்புக் கேட்கும்படி நான் எதுவும் செய்யவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். அதனால்தான் தாளில் எழுதி உன் சென்னை விடுதிக்கு அனுப்புகிறேன். இதையே படம் எடுத்து அந்தக் குழுவிலும் போடப் போகிறேன். தினமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்புகிற நம் சொந்தக்காரர்கள் இந்த வாரம் முழுக்க எனக்குத் திட்டுதான் அனுப்பினார்கள். கேள்வியை ஊரறியக் கேட்டவர்கள் பதிலையும் ஊரறியத்தான் படிக்க வேண்டும். உன் உடம்பைப் பற்றி இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று நீ கொதிப்பாய். கொதி. அந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் உனக்கு மண்ணீரல் இல்லை என்பது இருபது வருஷமாகத் தெரியும். தெரிந்தும் தெரியாதமாதிரி இருப்பதில் நம் குடும்பம் கைதேர்ந்தது. எனக்குத்தான் அது வரவில்லை. முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவளுக்கு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுத்தான் பழக்கம்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை நீ அத்தை வாயிலிருந்துதான் கேட்டிருப்பாய். உன் அத்தை சொன்னால் மசாலா கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். நடந்தது இதுதான். முசரவாக்கத்திலிருந்து உன் வருங்கால மாமியார் பஸ் பிடித்துப் பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டுக்கு வந்தார். உன் முகூர்த்தச் சேலை தறியில் வளர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கையில் ஒரு பை நிறையத் தோட்டத்துக் கத்தரிக்காய். அவருக்கு நாற்காலி போட்டேன், வேண்டாமென்று தறிக்குழிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அரக்கு உடல், பச்சைக் கரை. உன் அப்பா நெய்துகொண்டிருந்தார், மறுபக்கம் உட்கார்ந்து அத்தை கரைக்கு இழை கொண்டுபோகிற நாடாவை வீசிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சேலையைத் தொடாமல், காற்றிலேயே தடவிப் பார்த்தார். எனக்கு அந்த மனுஷியை அப்போதே பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் சொன்னேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

உன் அப்பா வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முகூர்த்தச் சேலை தறியில் ஏறிவிட்டால், அது அறுத்து இறங்குகிறவரை அந்த வீட்டில் நோய், சாவு, கோர்ட்டு என்று எதையும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தச் சொல்லும் இழையோடு சேர்ந்து உள்ளே போய்விடுமாம். ஊருக்கெல்லாம் கல்யாணச் சேலை நெய்கிற வீடு இது. வருஷத்தில் பாதி நாள் ஏதாவதொரு முகூர்த்தச் சேலை தறியில் இருக்கும். ஆக, வருஷத்தில் பாதி நாள் இந்த வீட்டில் யாருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. நான் மருமகளாக வந்த புதிதில் பல்வலியை ஜாடையில் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சம்பந்தியம்மாதான் பேச்சை எடுத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். "எங்க வூட்ல மருந்து மாத்திரலாம் அவ்வளவா கெடையாது சம்மந்தி. ஜொரம்னா ஒரு கஷாயம், ரெண்டு நாளு படுத்தா தன்னால போயிடும். ஆடியில வந்துச்சின்னா அம்மாதான் வந்துக்கிறான்னு வேப்பிலைய கட்டி வுட்ருவோம். என் ரெண்டு பசங்களையும் அப்டிதான் வளத்தேன். உங்க பொண்ணையும் அப்டியே பாத்துக்குவேன், நீங்க கவலையே படாதீங்க."

கவலையே படாதீங்க என்றார். ரெண்டு நாள், வேப்பிலை. அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் உனக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். இருவர் தலையைக் குனிந்து சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் நான். "சம்பந்தி, உங்க மருமகளுக்கு மண்ணீரல் இல்லைங்க. ஏழு வயசுல எடுத்துட்டாங்க. மத்தபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஜுரம்னு வந்தா ரெண்டு நாள் பாக்கக்கூடாது. ரெண்டு மணி நேரம்கூடப் பாக்கக்கூடாது. உடனே மாத்திரை, உடனே ஆஸ்பத்திரி" என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. அத்தை கையில் பிடித்த நாடாவை வீசவே இல்லை. "அடிப்பாவி, தறி முன்னாலயா!" என்றாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு சேலையைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று எழுந்தார். காபிகூடக் குடிக்கவில்லை. கத்தரிக்காய்ப் பையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பியதும் அத்தை ஆரம்பித்தாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நீ ஒரே ஒரு நெசத்த சொல்லி ஒரு கல்யாணத்த கெடுத்துட்டியேமா!" உன் அப்பா குழியிலிருந்து எழுந்தார். தறிமேல் துணியைப் போர்த்திவிட்டு வெளியே போனார். சாயங்காலம் நீ போன் செய்தாய். "அது என் ஒடம்பு, என் விஷயம். நானே சொல்லியிருப்பேன்" என்றாய். எப்போது என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதோடு சரி.

இனி நான் பேசுகிறேன். முதலில் அந்தச் சைக்கிள். ஏழு வயதில் நீ வாடகைச் சைக்கிளில் நம் தெருவில் வேகமாக வந்தாய். காலை நேரம், தெருவின் நீளத்துக்கு, தறியேறப் போகிற பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தார்கள். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் பாவுக்குள் புகுந்து நாலு இழையை அறுத்துவிட்டு எழுந்து ஓடியிருக்கும். நீ நெசவு வீட்டுப் பிள்ளை. பாவைத் தாண்டக்கூடாது, தொடக்கூடாது என்று தவழும்போதே சொல்லி வளர்த்திருக்கிறோம். பாவில் மோதாமலிருக்க ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினாய். அதன் முனை உன் வயிற்றின் இடது பக்கத்தில் குத்தியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உன்னைத் தூக்கியபோது நீ கேட்ட முதல் கேள்வி, "பாவு அறுந்துச்சாம்மா?" என்பதுதான். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் அதை எடுத்துவிட்டு உன்னைக் காப்பாற்றினார்கள். பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தெரு இன்றைக்கும் உன்னைப் பெருமையாகச் சொல்லும். நான் அந்தப் பாவைப் பார்த்த நாளிலிருந்து இன்றுவரை அதற்கு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அப்போது டாக்டர் சொன்னதை நீ இதுவரை முழுதாகக் கேட்டதே இல்லை. நான் சொல்ல வந்தாலே, "பாடம் எடுக்காதம்மா" என்று எழுந்து போய்விடுவாய். இன்றைக்கு எழுந்து போக முடியாது, தாளில் இருக்கிறேன். கிருமிகளில் பல, மேலே ஒன்றும் இல்லாமல் வரும். நம் வெள்ளை அணுக்கள் அவற்றைப் பிடித்து விழுங்கிவிடும். சில கிருமிகள் மட்டும் உடம்பு முழுக்கப் போர்வை போர்த்திக்கொண்டு வரும். நிமோனியாவைக் கொண்டுவருவது அப்படி, மூளைக்காய்ச்சலைக் கொண்டுவருவது அப்படி. அந்தப் போர்வை சர்க்கரையால் ஆனது. காபியில் போடுகிற சர்க்கரை இல்லை, அதன் பங்காளிகள். சின்னச் சின்னச் சர்க்கரைகளைச் சங்கிலியாகக் கோத்துக் கோத்துக் கிருமி தனக்குத்தானே செய்துகொள்கிற போர்வை. சில வகைகளில் அந்தச் சங்கிலி நெடுக அமிலத்தன்மை உள்ள சர்க்கரை வரும். அது எதிர்மின்னூட்டம் கொண்டது. நம் வெள்ளை அணுவின் மேற்பரப்பும் அதே மின்னூட்டம் கொண்டது. ஒன்றை ஒன்று தள்ளும். போதாததற்குத் தண்ணீரை உறிஞ்சி வழவழவென்று இருக்கும். பிடிக்கப் போகிற கை வழுக்கிவிடும். அவிக்காத பச்சைப்பட்டின் மேல் இருக்கிற பசை மாதிரியா என்று அத்தை ஒருமுறை கேட்டாள். பட்டின் பசை புரதம், இது சர்க்கரை, அதை எடுக்கிறமாதிரி சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்க என் மகளின் ரத்தம் சாயப்பட்டறை இல்லை என்றேன். அதிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இன்னொன்றும் கேள். பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியும் பருத்தி நூலும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. ஒரு விதமாகக் கோத்தால் கஞ்சி, கோக்கிற விதத்தை மாற்றினால் பருத்தி. ஒன்றைக் குடிக்கலாம், மற்றதை உடுத்தலாம். கிருமியின் போர்வையும் அப்படித்தான். எந்தச் சர்க்கரை, எதோடு எது, எந்த மூலையில் கோத்தது என்று மாற்றி மாற்றி, நிமோனியாக் கிருமி ஒன்றிலேயே நூறு வகைக்கு மேல் போர்வை உண்டு. ஒரு வகையைப் பிடிக்கப் பழகிய உடம்புக்கு அடுத்த வகை புது முகம். மூளைக்காய்ச்சல் கிருமியில் ஒரு வகை இன்னும் கெட்டிக்காரத் திருடன். நம் நரம்பணுக்களின் மேல் இருக்கிற அதே சர்க்கரைச் சங்கிலியைத் தானும் போர்த்திக்கொண்டு வரும். நம் வீட்டுப் பிள்ளைதான் என்று உடம்பு கதவைத் திறந்துவிடும். அந்தச் சர்க்கரையை வைத்து ஊசி செய்ய முடியாமல் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

இந்தப் போர்வைக்காரர்களைப் பிடிக்கத்தான் மண்ணீரல். ரத்தம் அங்கே சந்து சந்தாக மெதுவாக நுழைந்து வரும். சர்க்கரையைப் பார்த்தவுடன் அடையாளம் காண்கிற அணுக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அவை செய்கிற எதிர்ப்புப் பொருள் போர்வைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் வழுக்காது, விழுங்குகிற அணுவுக்குப் பிடி கிடைத்துவிடும். மண்ணீரல் இல்லாத உடம்பில் கல்லீரல் கொஞ்சம் கைகொடுக்கும், முழுக்க முடியாது. அதனால் உனக்கு மற்றவர்களைவிட அடிக்கடி ஜுரம் வரும் என்பதில்லை. ஆனால் அந்தக் கிருமிகளில் ஒன்று ரத்தத்தில் இறங்கிவிட்டால் காலையில் லேசாக உடம்பு சுடும், சாயங்காலம் ஆள் இருக்கமாட்டாள். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஊசி போட்டாச்சே என்பாய். போட்டோம். ஊசி என்பது கிருமியின் போர்வையை மட்டும் உரித்துச் சுத்தம் செய்து உடம்புக்கு முன்கூட்டியே காட்டுவது. உனக்கு முதலில் கிடைத்தது வெறும் சர்க்கரை ஊசி. வெறும் சர்க்கரையை உடம்பு பார்க்கும், கொஞ்ச வருஷம் நினைவு வைத்திருக்கும், மறந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடம்பு அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. பிறகுதான் சர்க்கரையைப் புரதத்தோடு சேர்த்துப் பிணைத்த ஊசி வந்தது. புரதத்தைக் கண்டால்தான் உடம்பில் நினைவு வைத்துக்கொள்கிற அணுக்கள் எழுந்து உட்காரும். பக்கத்தில் இருக்கிற சர்க்கரையையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். ஊசிமேல் ஊசி எதற்கு என்று உன் அப்பா முறுக்கிக்கொண்டபோது, "உடலும் கரையும் தனித்தனியா நெய்ஞ்சா அது சேலையாங்க? கோர்வை போட்டு இணைச்சாத்தானே சேலை? இது கோர்வை போட்ட ஊசி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கோர்வ பிரிஞ்சிடாதுல்ல டீச்சர்?" என்றார். பிரியாது என்றேன். அன்றிலிருந்து உன்னை ஊசிக்குக் கூட்டிப்போவது அவர் வேலையாகிவிட்டது. ஆனால் நூறு வகைப் போர்வையில் ஊசிக்குள் இருப்பது சில வகைதான். மிச்சத்துக்குக் கிருமியைக் கொல்ல வீட்டிலேயே வைத்திருக்கிற மாத்திரையும், வேகமாக ஓடுகிற கால்களும்தான் துணை.

அந்த ஆடி மாதத்தை மறந்துவிட்டாயா? கல்லூரியில் முதல் வருஷம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உனக்கு மதியம் ஜுரம் வந்தது, பிறகு காலில் சிவப்புப் புள்ளிகள். அத்தை உன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாள், அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். வாசலில் வேப்பிலை செருகி, உன்னை வேப்பிலைமேல் படுக்கவைத்து, தலைமாட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்து, மாத்திரை கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டாள். நான் வந்து பார்த்தபோது நீ குழறிக்கொண்டிருந்தாய். டீ குடிக்கிற கண்ணாடி டம்ளரை எடுத்து உன் காலில் வைத்து அழுத்தினேன். சாதாரணத் தடிப்பாக இருந்தால் கண்ணாடிக்குக் கீழே சிவப்பு மறைய வேண்டும். மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். "அம்மாவையே அழுத்துறியே, நீ நல்லாருப்பியா?" என்று அத்தை கத்தினாள். "நல்லாருக்க மாட்டேன், வழிவுடுங்க" என்றேன். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து உன் வாயில் ஊற்றி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர் ஊசி ஏற்றிக்கொண்டே உன் முடியிலிருந்து வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிறுத்தினாலும் எனக்குக் கேட்டது. அது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது, பாப்பா.

இப்போது உன் வாதத்துக்கு வருகிறேன். உன் உடம்பு, உன் விஷயம். சரி. சம்பளம், சாமி, யாரை விரும்புகிறாய், பிள்ளை எப்போது என்று எதிலும் நான் மூக்கை நுழைத்ததில்லை, நுழைக்கவும் மாட்டேன். ஆனால் ஜுரம் ஏறிக் குழறுகிறபோது உன் விஷயத்தை நீ சொல்ல முடியாது. அப்போது உன் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. பகலெல்லாம் உன்னோடு இருக்கப் போவது அவன் அம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்கிறாய். ஒளித்துக் கட்டிக்கொடுத்த பெண்ணின் பேச்சுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு இருக்கும்? நீ சொன்னால், 'இத மறைச்சவ வேற எதையெல்லாம் மறைச்சாளோ' என்பார்கள். அந்தச் சந்தேகத்தோடு உன் ஜுரத்தை எத்தனை வேகமாக எடுத்துக்கொள்வார்கள்? "மொத ஆடிக்கு இங்கதான வரப்போறா, அதுக்குள்ள பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள் அத்தை. கிருமிக்கு ஆடி, ஆவணி தெரியுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், குழுவில் இருக்கிற எல்லோரும் காது கொடுங்கள். மண்ணீரல் இல்லாதது என் மகளுக்குக் குறை இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாவு பிழைக்கத் தன் வயிற்றைக் கொடுத்த பிள்ளை அவள். அதைக் கேட்டு ஓடுகிற சம்பந்தம் ஓடட்டும். கல்யாணமாகாத மகளை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும். தறியில் இருக்கிற அந்த அரக்குச் சேலையை உன் பிறந்தநாளுக்குக் கட்டிக்கொள்ளலாம். வேப்பிலைமேல் கிடத்திய மகளைப் பார்க்கிற தெம்பு மட்டும் எனக்கு இரண்டாவது தடவை கிடையாது. தறி முன்னால் சொல்லியிருக்கக்கூடாது என்று உன் அப்பாகூட முணுமுணுத்தார். சொல் இழையோடு உள்ளே போய்விடும் என்றால், போகட்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தச் சேலையில் இருக்க வேண்டிய சொல் அதுதான்.

இதுவரை எழுதி வைத்திருந்தது முந்தாநாள். அனுப்புவதற்குள் நேற்று மத்தியானம் போன் வந்தது. சம்பந்தியம்மா. சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது நடக்கப்போகிறது, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். பயந்தேன். பயந்ததை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"சம்மந்தி, அந்த மாத்திர பேரு இன்னா?" என்றார்.

நான் சொன்னேன். எழுதிக்கொள்ளப் பேனா தேடினார். பிறகு, "எவ்ளோ ஜொரம் இருந்தா குடுக்கணும்? தொட்டுப் பாத்தா போதுமா, இல்ல அந்தக் குச்சிய வாங்கணுமா?" என்று கேட்டார். தெர்மாமீட்டர் வாங்குங்கள், ஆனால் அது கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் அவராகவே சொன்னார். "அன்னிக்கி ஒண்ணும் பேசாத வந்துட்டேன்னு தப்பா நெனைக்காதீங்கமா. ஆடியில அம்மா வந்துருக்கும்போது மாத்திர குடுத்தா குத்தமாயிடுமேன்னு எனக்கு ஒதறல் எடுத்துச்சி. எங்கூர்ல அம்மன் கோயில்ல போயி பூ கேட்டேன். வெள்ளப் பூ, செவப்புப் பூ ரெண்டையும் தனித்தனியா மடிச்சி சாமி முன்னால வெச்சி, மருமவளுக்கு மாத்திர குடுக்கலாம்னா வெள்ளைய குடு தாயேன்னு கேட்டேன். குடுத்துட்டா."

உனக்கு உன் அம்மாவைத் தெரியுமே. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. "சம்பந்தி, சிவப்பு வந்திருந்தா?" என்றேன்.

"மொதல்ல செவப்புதாம்மா வந்துச்சி" என்றார் அந்த மகராசி. "இன்னொரு வாட்டி மடிச்சி வெச்சேன். வெள்ள வர்ற வரைக்கும் கேட்டுக்கினேதான் இருந்துருப்பேன். பின்ன இன்னா, எம்மருமவள வுட்ருவேனா?"

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டே தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன், பாப்பா. முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு இப்படி ஒரு மாணவி கிடைத்ததில்லை. அழுதேன். சத்தமாகவே அழுதேன். அத்தை பதறிப்போய், கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்து அவளும் அழ ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நா அப்பவே சொன்னேன்ல, நல்ல எடம்னு" என்றாள். அவளைப் பற்றி இதற்குமேல் நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. இன்று காலை உன் அப்பா தறிமேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். என்னைப் பார்த்து, "டீச்சர், இப்ப வாயத் தொறக்கலாம், ஒண்ணும் தோஷமில்ல" என்றார்.

போனை வைப்பதற்கு முன் சம்பந்தியம்மா இன்னொன்று சொன்னார். மாப்பிள்ளையிடம் அவர் எதுவும் சொல்லவில்லையாம். "அத உங்க பொண்ணே சொல்லட்டும்மா. அது அவுங்க ரெண்டு பேரு பேச்சு. நா நடுவுல பூர மாட்டேன்." பார், உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உன் விஷயம், நீ சொல்வதற்கென்று உன் கையிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கே அவனைக் கூப்பிட்டுச் சொல். அவன் ஓடினால் எனக்குத் தெரியப்படுத்து, அந்தக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுக்க முடியாது, சமைத்துவிட்டேன், அவன் அம்மாவையும் விடமாட்டேன். அவன் ஓடமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். சிவப்புப் பூவைப் பார்த்தும் கோயிலை விட்டுத் திரும்பாத மனுஷி பெற்ற பிள்ளை அவன்.

என்மேல் கோபம் தீரவில்லையென்றால் வைத்துக்கொள், அவசரமில்லை. அடுத்த ஊசி மட்டும் கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள், அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை இரண்டு அட்டை வாங்கிவிட்டேன். ஒன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது, உன் கைப்பையை விட்டு எடுக்காதே. இன்னொன்றை நாளைக்கு நானே முசரவாக்கம் கொண்டுபோகிறேன். அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அம்மன் படத்துக்குப் பின்னால், அங்கேதான் தினமும் கை போகும் என்றார். ஜுரம் வந்தால் அவர் உனக்கு வேப்பிலையும் கட்டுவார், தெரியும். கட்டட்டும், நீயும் அதற்காகச் சண்டை போடாதே. மாத்திரை முதலில் என்று மட்டும் பேசி முடித்திருக்கிறோம்.

உன் அம்மா